கொஞ்சம் அசையாம இருங்கோ!

செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் கரி மாமாவைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம். கை குலுக்க நீங்கள் கையை நீட்டும்போது யார் அவசரமாகக் கும்பிடுகிறாரோ, அவர்தான். பட்டாளத்துக் கணக்கு ஆபீசில் காலமெல்லாம் பிறர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்து ரிடையர் ஆனவர். இப்போது பிறர் முகத்தில் கண்டுபிடிக்கிறார். "உங்க இடது கண்ணு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கே, தெரியுமோ?" என்பதுதான் அவர் குசலம் விசாரிக்கும் முறை.

கரியால் முகம் வரையும் பித்து அவரைப் பிடித்த நாளிலிருந்து வீட்டில் ரகசியம் என்பதே கிடையாது. மனிதருக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி மைசூர்பாகு டப்பாவைத் தொட்டால், காலையில் மூடி மேல் ஐந்து விரலும் சாட்சி சொல்லும்.

முதலில் தெருமுனை இஸ்திரிக்காரரிடம்தான் நாலு துண்டு கரி கேட்டு வாங்கினார். கெட்டி மரத்துக் கரி காகிதத்தைக் கீறிக் கிழித்தது. படம் வரையும் கரி வேறு ரகம். வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளைக் காற்றுப் புகாமல் அடைத்துவைத்துச் சுட்டு எடுப்பது. இந்த உண்மையை இஸ்திரிக்காரருக்கு அவர் தினமும் விளக்குவதால், அந்தத் தெருவில் சட்டைகள் ஒருநாள் தாமதமாகவே வீடு வந்து சேர்கின்றன.

பிறகு சாமான்கள் வந்து இறங்கின: கரிக்குச்சி, கரிப் பென்சில், மாவு போலப் பிசைகிற ரப்பர், நிழலைத் தேய்த்துவிடக் காகிதச் சுருள், பொடி உதிராமலிருக்க ஸ்ப்ரே. ரப்பர் வருவதற்குமுன் ஐரோப்பிய ஓவியர்கள் ரொட்டியின் வெள்ளைப் பகுதியால்தான் கரியை அழித்தார்கள் என்று எங்கோ படித்தார். அன்றுமுதல் காலை டிபனுக்கு பிரெட் மிஞ்சவில்லை. மாமி இட்லிக்கு மாறினார். இட்லி அழிக்காது என்பதும் மறுநாளே நிரூபணமாயிற்று.

இந்த வயசில் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். "சார்ஜண்ட் 1907-ல பெயின்ட்ல முகம் வரையறதை மூட்டை கட்டி வெச்சுட்டுக் கரியைக் கையில எடுத்தார். அப்போ அவருக்கு வயசு 51!" என்பார். ஜான் சிங்கர் சார்ஜண்ட் என்ற அமெரிக்க ஓவியரைச் சொல்கிறார். கன்டோன்மென்ட் ஊர் அல்லவா? பக்கத்து வீட்டு மாஜி சுபேதார், "எந்த ரெஜிமென்ட்?" என்றார்.

வரைய முகம் வேண்டுமே! சிலிண்டர் கொண்டுவருகிறவர், போலாரம் ஸ்டேஷனில் செகந்திராபாத் ரயிலுக்குக் காத்திருக்கிறவர் என்று, ஓட வழியில்லாதவர்களாகப் பார்த்துப் பிடிப்பார். ஊரில் ஜனாதிபதி வந்து தங்கும் ராஷ்டிரபதி நிலையத்தை 2023 முதல் பொதுமக்கள் வருஷம் முழுவதும் பார்க்கலாம் என்று ஆனதும் சென்னை உறவுக்காரர்கள் வரத்து கூடிவிட்டது. ஆளுக்கு அரைமணி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் நிலையத்துக்கு ஆட்டோ பேசுவார்.

ஜாடை வருமா? வரும், மாமாவின் ஜாடை. யாரை வரைந்தாலும் அவருடைய மிளகாய்ப்பழ மூக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1983 நவம்பரில் போலாரம் ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கு வந்துபோன எலிசபெத் ராணிக்கும் அதே மூக்குதான். ஓவியன் தன் சாயலையே பிறர்மீது ஏற்றிவிடுவான், ஜாக்கிரதை என்று லியனார்டோ டா வின்சி எழுதிவைத்திருக்கிறார். மாமா அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. அரைமணி நேரம் தன் முகத்தையே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிற பாக்கியம் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கிறது?

மாமி மட்டும் உட்கார மறுத்துவிட்டார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து பேப்பருக்குப் பின்னாடியேதானே இருந்தேள்? இப்போ என்ன புதுசா என் மூஞ்சி?"

வேறு ஆள் கிடைக்காத ஒரு மழைநாளில் மாமா கண்ணாடி முன் உட்கார்ந்து தம்மையே வரைந்தார். வழுக்கை, காது, தாடை எல்லாம் கச்சிதம். மூக்கு மட்டும் மாமியுடையது. மாமி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை மேஜைமேல் இரண்டு பாக்கெட் பிரெட் இருந்தது.