பேரு என்ன சொன்னீங்க?

உங்கள் பெயரை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஊரைச் சொல்லலாம், உத்தியோகத்தைச் சொல்லலாம், சம்பளத்தைக்கூடச் சொல்லித் தொலைக்கலாம். பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் ஒரு கை ஜோல்னாப் பைக்குள் போகும். இன்னொரு கை சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவும். மூடியைப் பல்லாலேயே கழற்றிவிடுவார். "நான் சும்மா கல்யாணத்துக்கு வந்தேன்" என்று நீங்கள் வாயெடுப்பதற்குள், "அன்புத் தம்பி செந்திலுக்கு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, தேதி எழுதி, மை காய ஊதி, உங்கள் கையில் வைத்தும்விடுவார்.

அது அவர் எழுதிய நாவல். விலை 350 ரூபாய்.

கையில் வாங்கிய பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரியும். தன் பெயர் எழுதிய பொருளை எப்படித் திருப்பிக் கொடுப்பது? "பணத்துக்கு என்ன தம்பி அவசரம், மெதுவாக் குடுங்க" என்பார். சொல்லிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டிப் பின்னட்டையைக் காட்டுவார். தாடையில் கைவைத்து அவர் யோசிக்கும் புகைப்படத்துக்கும் விலைக்கும் நடுவே கியூஆர் கோடு ஒட்டியிருக்கும்.

உங்கள் ஊரில் இவர் கவிஞராக இருப்பார். அடுத்த ஊரில் வட்டார வரலாறு எழுதுவார், அதற்கும் அடுத்த ஊரில் மூலிகைக் குறிப்பு. எங்கள் பாளையங்கோட்டைக்கு வாய்த்த அண்ணாச்சி நாவலாசிரியர். கவிதைத் தொகுப்பு என்றால் நூறு ரூபாயோடு தப்பியிருக்கலாம்.

கையெழுத்துப் போட்டதை எல்லாரும் வாங்கிவிடுவதில்லை. நெஞ்சழுத்தக்காரர்கள் சிலர், "பர்ஸை வண்டியில வச்சிட்டு வந்துட்டேன், இந்தா எடுத்துட்டு வாரேன்" என்று போய் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெயர் எழுதிய பிரதி அவர் கையிலேயே நின்றுவிடும். மற்றவர்கள் என்றால் அந்தப் பக்கத்தைக் கிழிப்பார்கள். அண்ணாச்சி கிழிக்கமாட்டார், அதே பெயரில் இன்னொரு ஆளைத் தேடுவார். எங்கள் பக்கம் இசக்கிமுத்துக்குப் பஞ்சமில்லை, தெருவுக்கு இரண்டு பேர். இசக்கிமுத்து பிரதி ஒரு வாரம் தங்காது. சுடலைமுத்து, மாரியப்பன், செல்வராஜ் எல்லாம் கொஞ்சம் அலைந்தால் ஆள் கிடைக்கும். கஷ்டமெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளால்தான். கல்லூரி விழாவில் ஹர்ஷவர்த்தன் என்று ஒரு பையன் பெயரைச் சொல்லிவிட்டு ஓடிப்போனான். அந்தப் பிரதி இன்றுவரை பைக்குள்தான் கிடக்கிறது. "பெத்தவங்க பேரு வைக்கும்போது நாலையும் யோசிக்கணும் தம்பி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

விவரம் தெரிந்தவர்கள் பொய்ப் பெயர் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு தாலுகா அலுவலக எழுத்தர், அந்த நேரத்துக்கு நாக்கில் வந்ததென்று, தன் தாசில்தாரின் பெயரைச் சொல்லிவிட்டு வாங்காமல் நழுவினார். மறுநாள் காலை அண்ணாச்சி நேரே தாசில்தார் அறைக்குப் போய், "சார், உங்க பேர்ல ஒரு புஸ்தகம் வந்திருக்கு" என்று மேசையில் வைத்துவிட்டார். ஏதோ அரசுத் திட்டம் போலிருக்கிறது என்று அதிகாரியும் பணத்தைக் கொடுத்தார். எழுத்தர் இன்னும் அந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை என்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகை அவருக்குக் கொழுத்த வேட்டை. மணமகன், மணமகள், இருவீட்டுப் பெற்றோர், தாய்மாமன் என்று பெயர்கள் பிழை திருத்தி அச்சில் வந்துவிடுகின்றன. வீட்டிலேயே உட்கார்ந்து நிதானமாக எழுதி எடுத்துக்கொண்டுதான் மண்டபத்துக்கு வருவார். மணமக்களுக்கு ஒன்றை மொய்யாக வைத்துவிடுவார், மற்றவை விற்பனைக்கு. ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுகிறவரிடம் "நாவல் ஒண்ணு, 350 ரூவா" என்று நோட்டில் பதியச் சொல்லி, அவர் மாட்டேன் என்று, பந்திக்குப் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும்படி ஆகிவிட்டது. மொய் என்றால் திரும்பி வரவேண்டுமே! நாளைக்குத் தன் மகள் கல்யாணத்தில் ரொக்கமாக 350 வந்து விழவேண்டும் என்பது கணக்கு. ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் தொங்கும் சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். துஷ்டி வீட்டில் மட்டும் பேனாவைத் தொடமாட்டார். அதுவும் பதினாறாம் நாள் வரைக்கும்தான்.

வாங்கியவர்களிடம் "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்கிற பழக்கம் தனி. அதற்குப் பயந்தே நான் இரண்டு முறை பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

சிரிப்பது இருக்கட்டும். புத்தகத்தை ஆள் பிடித்து விற்பதை இவர்தான் கண்டுபிடித்தார் என்று நினைத்தால் அது தப்பு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவர, புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் வாங்கிச் சேர்த்தார். அன்றைக்கு வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி காலத்தில் விற்கிறவரே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடையத்தில் இருந்தபோது பாரதி 1920இல் பெரிய திட்டம் ஒன்று போட்டார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அடிப்பது. மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாக விற்றுப்போகும் என்று நம்பி, அச்சுச் செலவுக்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார். மறு வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். அவர் எழுத்தின் உரிமை கைமாறிக் கைமாறி, 1949இல் அரசு வாங்கி, பிறகு பொதுவாக்கியது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சடித்து விற்கலாம். அந்த 10,000 பிரதிக் கணக்கை இப்போது யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமுடியாது, ஆள்தான் இல்லை.

சி.சு.செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். பிறகு தான் வெளியிட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசியில் 'சுதந்திர தாகம்' நாவலையும் மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அதற்கு சாகித்ய அகாதெமி விருது 2001இல் வந்தது. அவர் 1998இலேயே காலமாகியிருந்தார். நம் அண்ணாச்சிக்கு இந்த வரலாறெல்லாம் தலைகீழ்ப் பாடம். "செல்லப்பா மூட்டை தூக்கினாரு, நான் பைதான தூக்குதேன்" என்பார்.

பிழைக்கத் தெரிந்தவர்கள் எழுத்தை நம்பி அடுப்பு மூட்டவில்லை. சுஜாதாவுக்குப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இருந்தது, சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை இருந்தது, வண்ணதாசனுக்கு வங்கி இருந்தது. அண்ணாச்சிக்கும் ஒரு வேலை இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு, முகவரி அட்டையில் 'முழுநேர எழுத்தாளர்' என்று போட்டுக்கொண்டார். அட்டையில் எழுத்துப்பிழை கிடையாது.

இவர் ஏன் பதிப்பகத்துக்குக் கொடுக்காமல் தானே அலைகிறார் என்று நானும் கேட்டேன். பேனாவைத் திறந்து, என் பிரதியின் கடைசிப் பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். பதிப்பாளரிடம் கொடுத்தால் ராயல்டி நூற்றுக்குப் பத்து. 350 ரூபாய்ப் புத்தகத்துக்கு 35. ஒரு காலத்தில் முதல் பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு அடிப்பார்கள். இப்போது 300 என்பதே பெரிய மனசு. வேண்டும்போது வேண்டிய அளவுக்கு அடித்துக்கொள்ளும் வசதி வந்தபின் ஐம்பதும் நூறுமாகப் போடுகிறவர்களும் உண்டு. முந்நூறும் விற்று, ஒழுங்காகக் கணக்கும் வந்தால் 10,500 ரூபாய். நாவல் எழுத ஆறு வருஷம். மாதத்துக்கு 146 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. சரி, தானே அச்சடித்துக் கடையில் போடலாமென்றால், கடைக்காரருக்குக் கழிவு நூற்றுக்கு நாற்பது வரை போகிறது. ஒரு பிரதிக்கு 140 ரூபாய் அங்கே நிற்கும். மிச்சமும் எப்போது வரும் என்று கேட்கக்கூடாது. பிரதி விற்றுவிட்டதா, அலமாரியில் இருக்கிறதா, எலி தின்றதா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். கையிலிருந்து கைக்குக் கொடுத்தால்தான் 350 முழுசாக நிற்கிறது. அதற்காகத்தான் இந்தப் பேனா.

தபாலில் அனுப்பிக்கொண்டும்தான் இருந்தார். 2024 டிசம்பரில் அஞ்சல் துறை, புத்தகங்களுக்கென்று இருந்த சலுகைக் கட்டணப் பதிவு அஞ்சலை நிறுத்தியது. பதிப்பாளர்கள் புலம்பினார்கள், இலக்கியப் பத்திரிகைக்காரர்கள் புலம்பினார்கள். எங்களுக்கு வந்த துன்பத்தை யாரும் கேட்கவில்லை. "தபால் செலவுக்கு நேரிலேயே கொண்டாந்து தந்திருதேன் தம்பி" என்று இப்போது வீட்டுக்கே வருகிறார். வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுக்கவேண்டும், காப்பி கொண்டுவருகிற பெண்ணிடம் "ஒம் பேரு என்னம்மா?" என்பார்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல், "அண்ணாச்சி, நமக்கு ஒரு பிரதி உண்டுல்லா?" என்று கேட்கிறார்கள். அரிசிக்கடை வைத்திருக்கிற மச்சானிடம் போய், "ஒரு மூட்டை சும்மா குடு, பொங்கித் தின்னுட்டுக் கருத்துச் சொல்லுதேன்" என்று இவர்கள் கேட்பார்களா? இலக்கிய விழாக்காரர்கள் அதற்கும் மேலே. தலைமையுரைக்குக் கூப்பிடுகிறார்கள். பஸ் செலவு அவருடையது. மைக் செட்டுக்குக் காசு உண்டு, பந்தலுக்குக் காசு உண்டு, டீ கொண்டுவருகிற பையனுக்குக்கூட உண்டு. எழுத்தாளருக்குச் சால்வை. அவர் வீட்டில் ஒரு பீரோ நிறையச் சால்வை இருக்கிறது. திருநெல்வேலி வெயிலில் அதை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார்? எடுத்துக்கொள்வதற்கு ஆளில்லை, அதில் கையெழுத்துப் போட்டு விற்கவும் வழியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு நாவலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. படித்தேன். கேட்பாரே என்ற பயத்தில் தொடங்கினேன், பிறகு பயம் போய்விட்டது. ஒரு நாற்பது பக்கத்தைத் தாராளமாக வெட்டலாம். கதாநாயகன் தாமிரபரணிக் கரையில் நின்று தன்னந்தனியாகப் பேசுகிற இடங்களில் எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் பீடி சுற்றுகிற பெண்கள் வருகிற பகுதி அப்படி இல்லை. இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற கணக்கு; பீடிக்கடையில் தட்டை நீட்டியபின், சரியில்லையென்று கடைக்காரர் ஒதுக்கித் தள்ளுகிற பீடிக்குக் காசு கிடையாது என்கிறபோது அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடம். இதை விசாரித்து எழுதமுடியாது. அவர் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் மதினியைப் பார்த்தால் எங்கிருந்து வந்ததென்று தெரிந்துவிடும். நான் போயிருந்த அன்றைக்கும் கை நிற்காமல் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அவுக எழுதுனா நான் சுத்தணும். அவுக நாலு வித்துட்டு வந்தா நான் ஒருநா படுக்கலாம்." நாவலைப் படித்தீர்களா என்று மதினியிடம் கேட்டேன். "எனக்கு எங்க நேரம்" என்றார்.

முழுநேர எழுத்தாளர் என்ற அட்டையை அடிக்க யார் முழுநேரம் உழைக்கிறார்கள் என்பது அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் தெரிகிறது. அதனால்தான் அந்த "பணத்துக்கு என்ன அவசரம்" எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கு அவசரமில்லை? பெயரைக் கேட்டுப் பொறிவைத்துப் பிடிக்கிற வரைக்கும் தெரிந்தவருக்கு, காசு என்ற ஒரு சொல் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. எழுத்தாளன் காசு கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அதனால், வாங்கியவர்களில் பாதிப்பேர் 'மெதுவாக' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தாசில்தார் ஒருவர்தான் கையோடு கொடுத்தவர்.

இதை அவரிடமே சொன்னேன். "அண்ணாச்சி, நேரா விலையச் சொல்லிக் காசக் கேளுங்க. பெறவு பேரை எழுதுங்க."

"கேட்டுப் பாத்தாச்சு தம்பி" என்றார். "ரூவான்னு சொன்னா, நூலகத்துல எடுத்துப் படிச்சிக்கிடுதேன்ங்காவ. பேரக் கேட்டா ஒடனே சொல்லிருதாவ. தம்பேரப் புஸ்தகத்துல பாக்க யாருக்குத்தான் ஆசை இல்ல?"

வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவன் என்ற உரிமையில் மறுநாள் நூலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். அவருடைய நாவல் அங்கே இல்லை. வாங்குவதற்கான ஆணை இன்னும் வரவில்லையாம்.