உங்கள் ஆயிரத்து ஐநூறை நிர்வகிப்பது எப்படி?

மேலூர் வட்டாரத்து மாற்றுத்திறனாளிகளே, அவர்களைப் பெற்றவர்களே! அரசு உங்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறது. இவ்வளவு பெரிய தொகையை யார் கையில் விடுவது, எப்படி நிர்வகிப்பது என்று இதுவரை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கையேடு.

ஆஸ்திரேலியாவில் 2013-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு தேசியக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கினார்கள். ஒருவருக்கு என்னென்ன உதவி தேவை என்று பார்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்குகிறார்கள். பிறகு அவரிடமே கேட்கிறார்கள்: இந்தப் பணத்தை நீங்களே வைத்துச் செலவழிக்கிறீர்களா, கணக்குப் பார்க்க ஒரு ஆளை வைத்துக்கொள்கிறீர்களா, இல்லை அரசு நிறுவனமே நேரடியாகக் கட்டிவிடட்டுமா? அங்கேயும் ஊழல் உண்டு, பொய்ப் பில் உண்டு, திட்டத்தை வெட்டப் பார்க்கும் அமைச்சர்கள் உண்டு. இருந்தாலும் கேள்வியைக் கேட்கிறார்கள்.

நாம் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மற்றவர்களுக்குச் சமமாகத் தன் பண விவகாரத்தைத் தானே கையாளும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையைக் கொடுத்தாயிற்று. கையாளுவதற்குப் பணம்? அவசரப்படாதீர்கள், அது 24-ஆம் பிரிவில் வருகிறது. அங்கேதான் குழியும் இருக்கிறது.

முதலில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது எந்தக் கதவைத் தட்டுவது என்பதை. ஒரு கதவு வருவாய்த் துறையுடையது, தாலுகா ஆபீஸில் இருக்கிறது. அங்கே கிடைப்பது ஊனமுற்றோர் பென்சன், 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். இன்னொரு கதவு மதுரையில், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். அங்கே கிடைப்பது பராமரிப்பு உதவித்தொகை, 2,000 ரூபாய். இரண்டையும் வாங்கக் கூடாது. ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிற கதவைத்தானே எவரும் தட்டுவார்கள் என்று நினைப்பீர்கள். அங்கேதான் சதவீதம் குறுக்கே வந்து நிற்கிறது.

கீழவளவுப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்து, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குழு அவருக்கு எழுபது சதவீதம் என்று எழுதுகிறது. பென்சனுக்கு நாற்பது போதும், தேறிவிட்டார். கடும் பாதிப்புக்கான பராமரிப்புத் தொகைக்கு எழுபத்தைந்து வேண்டும், தேறவில்லை. ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு எண்பது வேண்டும், வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். போன கால் ஒன்றுதான். தாலுகாவில் அது போனதாகக் கணக்கு, மதுரையில் போதுமான அளவு போகவில்லை, டெல்லியில் போகவே இல்லை. அட்டையிலும் நிறம் பிரித்திருக்கிறார்கள்: நாற்பதுக்குக் கீழே வெள்ளை, நாற்பதுக்கு மேல் மஞ்சள், எண்பதுக்கு மேல் நீலம். ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக நம் ஊரில் நிறம் பார்த்து மனிதனை மதிக்கிற அட்டை இதுதான்.

அடுத்த கேள்வி, பணம் எந்த வழியாக வர வேண்டும் என்பது. முன்பு தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவார். எண்ணிக் கொடுக்கும்போது பத்தோ இருபதோ குறையும், அதற்குக் ‘காபிக்காசு’ என்று பெயர். ஊழலை ஒழிக்க வங்கி முகவரை அனுப்பினார்கள். அவர் கையில் ஒரு மெஷின். விரலை வைத்தால் பணம் வரும். கல் உடைத்தே ரேகை தேய்ந்தவருக்கும், தொழுநோயில் விரல் மழுங்கியவருக்கும், மூளை முடக்குவாதத்தால் மூடிய கையை விரிக்க முடியாத பிள்ளைக்கும் மெஷின் ‘பொருந்தவில்லை’ என்று சொல்லிவிடும். தபால்காரர் இருபது ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். மெஷின் நேர்மையானது, முழுத் தொகையையும் நிறுத்திவிடுகிறது.

பேங்கில் போய் நேரடியாகக் கணக்கு ஆரம்பிக்கலாமே என்பீர்கள். செல்போனிலேயே ஆரம்பிக்கலாம், கேமராவைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினால் போதும் என்றார்கள். பார்வையற்றவர் எதைப் பார்த்து எப்போது சிமிட்டுவது? ஆசிட் வீச்சில் இமையை இழந்த பெண் எதைச் சிமிட்டுவது? இதைக் கேட்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று, இணையவழிச் சேவைகளைப் பெறும் உரிமையும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பு வந்தது. கண் சிமிட்டுவது சிரமம் என்பதைக் கண்டுபிடிக்க நாட்டிலேயே மிக உயர்ந்த நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

யார் நிர்வகிப்பது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான்: அம்மா. மனவளர்ச்சி குன்றிய மகனுக்குப் பதினெட்டு முடிகிறது. அதுவரை அம்மா கையெழுத்துப் போட்டாள், செல்லுபடியானது. மறுநாள் முதல் அவன் மேஜர். பேங்க் கவுன்டரில், “பையன் கையெழுத்துப் போடுவானாம்மா?” என்கிறார்கள். போடமாட்டான். “அப்ப சட்டப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க.” அந்தச் சான்றிதழை 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு தர வேண்டும். பதினெட்டு ஆண்டு மலம் கழுவிவிட்டவள், தான்தான் இவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு இனிமேல் ஆதாரம் காட்ட வேண்டும். மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து கலெக்டர் ஆபீஸுக்கு இன்னொரு பஸ். கூலி போன நாள்களைச் சேர்த்தால் ஒரு மாதப் பணம் அதற்கே போய்விடும். ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்றும் உண்டு. இந்தப் பணத்தில் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்றால் அரசுக்கே நம்பிக்கை வராததில் வியப்பென்ன?

பொருளாக வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதிலும் உங்களுக்குத் தேர்வு கிடையாது. முகாமில் சக்கர நாற்காலி வரிசையாக நிற்கும். இடுப்பு அகலம் என்ன, வீட்டு வாசல் அகலம் என்ன என்று யாரும் அளப்பதில்லை. போட்டோ எடுக்க எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் அளந்து வைத்திருக்கிறார்கள்.

இனி 24-ஆம் பிரிவுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் போதிய வாழ்க்கைத் தரத்தோடு சுயமாக வாழ அரசு திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று சொல்லும் அந்தப் பிரிவு, நடுவில் ஒரு சிறு சொற்றொடரைச் செருகியிருக்கிறது: ‘பொருளாதாரத் திறனின் வரம்புக்கு உட்பட்டு’. மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் பென்சன் 1,200 ஆனது. அதில் 25 சதவீதத்தைக் கூட்டுங்கள். சரியாக 1,500. ஒரு ரூபாய் கூட இல்லை, குறையவும் இல்லை. ‘குறைந்தது’ என்று சட்டம் சொன்னதை ‘அதற்கு மேல் கூடாது’ என்று படிக்கத் தெரிந்தவர்களே கோப்பைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

அரசிடம் பணம் இல்லை என்று வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். மேலூரில் சொல்லாதீர்கள். கீழவளவிலும் கீழையூரிலும் மலையை அறுத்து ஏற்றுமதி செய்ததை இந்த ஊர் கண்ணால் பார்த்தது. 2012 மே மாதம் அன்றைய மதுரை கலெக்டர் உ. சகாயம், சட்டவிரோத கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டுக் கடிதம் எழுதினார். சில நாள்களில் அவரைக் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். மலையை விற்றவர்களைப் பிடிக்கும் முன்பே, சேலை விற்கப் போனார் கணக்குப் போட்டவர்.

கணக்கை நாமே போடுவோம். பென்சனை 1,500 ஆக்கியபோது அரசு சொன்ன பயனாளிகள் எண்ணிக்கை 4,39,315. அத்தனை பேருக்கும் ஓர் ஆண்டுக்குச் சுமார் 791 கோடி ஆகும். சகாயம் சொன்ன இழப்பில் தமிழ்நாடு முழுவதுக்கும் இருபது ஆண்டுக்கு மேல் பென்சன் கொடுக்கலாம். 2024 ஜூலையில் ஆந்திரம் உயர்த்திக் கொடுத்த 6,000 ரூபாய் வீதம் கொடுத்தால்கூட ஐந்தாண்டு தாங்கும். பென்சன்காரர் பத்து சென்ட் வைத்திருக்கிறாரா, பெரிய மகன் திருப்பூரில் சம்பாதிக்கிறானா என்று வி.ஏ.ஓ. விசாரிக்கிறார். மலை எங்கே போனது என்று விசாரிக்க மட்டும் நீதிமன்றம் தனியாக ஆணையரை நியமிக்க வேண்டியிருந்தது.

டெல்லியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. தன் பங்கை 2012-இல் 300 ரூபாய் ஆக்கியது, அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் தொடவில்லை. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். மேலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு ஒரு டீ முழுசாக வராது. மாநில அரசிடம் ஆந்திரத்தைக் காட்டி 6,000 ரூபாய் கேட்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் மறியல் செய்கிறார்கள், கைதாகிறார்கள், கல்யாண மண்டபத்தில் உட்கார வைக்கப்பட்டு மாலையில் விடப்படுகிறார்கள். சாய்தளம் இல்லாத போலீஸ் வேனில் அவர்களை ஏற்ற மட்டும் எப்போதும் ஆள் கிடைத்துவிடுகிறது.

ஆகவே கையேட்டின் கடைசிப் பகுதி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மறுபடியும் மனு எழுதப் போகிறவர்கள், இந்த முறை ‘கருணை கூர்ந்து’ என்று ஆரம்பிக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய், டெல்லி தரும் ஒரு நாள் பங்கு. வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. மேலூர் தாலுகாவில் வெட்டிப்போன கல்லுக்கு அரசு இதுவரை வசூலித்த தொகை எவ்வளவு, எந்த இனத்தில் செலவானது, 24-ஆம் பிரிவு சொல்லும் ‘பொருளாதாரத் திறன்’ எந்தக் கணக்கின்படி, யாரால் முடிவு செய்யப்பட்டது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள்.