டி.ஐ. வருவதற்குள் செய்ய வேண்டியவை

மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவருக்கு முதல் தேவை நல்ல செல்போன். மருந்தெல்லாம் அப்புறம். மருந்து ஆய்வாளரின் வண்டி பஸ் ஸ்டாண்டு முனைக் கடையில் நின்றதுமே, "டி.ஐ. வந்திருக்கார்ணே" என்ற செய்தி தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அங்கே அவர் எல்லாம் பார்த்து, 35ஆம் படிவம் என்கிற இன்ஸ்பெக்‌ஷன் புத்தகத்தில் எழுதி முடிக்க எப்படியும் முக்கால் மணி நேரமாகும். அதற்குள் 1940ஆம் வருடத்து மருந்துச் சட்டம் முழுவதையும் உங்கள் கடையில் அமலுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சுவரிலிருந்து தொடங்குங்கள். 20, 21 லைசென்ஸ் இரண்டும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மேலே முருகன் காலண்டர் தொங்கினால் நகர்த்துங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கடை 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பின்பாதியை ரீசார்ஜ் கடைக்கு உள்வாடகை விட்டிருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை. இளநீர் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்தது ஃபிரிட்ஜ். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இட்லி மாவு, மல்லிகைப்பூ, கடைப்பையனின் தயிர்ச்சாதம் மூன்றையும் வெளியே எடுத்துவிட்டு, தெர்மாமீட்டரை உள்ளே வையுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி கடை சாத்தும்போது நீங்கள் மெயினை இறக்கிவிட்டுப் போவதைத் தெர்மாமீட்டர் யாரிடமும் சொல்லாது. இன்சுலினும் சொல்லாது. போட்டுக்கொள்பவர்தான் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டரிடம் போவார், டாக்டர் யூனிட்டை ஏற்றி எழுதுவார், சீட்டு திரும்ப உங்களிடமே வரும்.

காலாவதியான சரக்கு தனி அட்டைப்பெட்டியில், மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி இருக்க வேண்டும். ரெப் கொடுத்த டாக்டர் சாம்பிள் கடையில் இருப்பதே தப்பு. ஸ்கூட்டர் டிக்கிக்கு அனுப்புங்கள். பேட்ச் நம்பரும் தேதியும் அச்சான ஓரத்தை முதலில் வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சப் பட்டையில் எந்த வருடத்து மாத்திரை என்று உங்களுக்கே தெரியாமல் வைத்திருப்பீர்களே, அந்த டப்பாவையும் கூடவே.

இனி எச்1 ரெஜிஸ்டர். செஃபிக்சைம், ஆல்பிரசோலம், டிரமடால் மாதிரியான மருந்துகளை விற்றால் எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் அதில் பதிந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச்சிலிருந்து விதி. மூன்று மாதக் கணக்கை ஒரே உட்காரலில் எழுதுவது தனிக் கலை. நாலு பேனா வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி பெயருக்கு வாக்காளர் பட்டியல் உதவும். டாக்டர் பெயருக்கு எதிர்வீட்டு போர்டைப் பார்த்து எழுதுமுன், அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சுலபம். கஷ்டமானது பார்மசிஸ்ட். சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற பார்மசிஸ்ட் கையால், இல்லையென்றால் அவர் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். உங்கள் கடையில் அவர் சர்டிபிகேட்டாகச் சுவரிலும், வெள்ளைக் கோட்டாக ஆணியிலும், முன்கூட்டியே போட்ட கையெழுத்தாகப் பில் புத்தகத்திலும் இருக்கிறார். ஆள் மட்டும் கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருக்கிறார், மாதம் பிறந்தால் சர்டிபிகேட் வாடகை போய்விடுகிறது. "சாப்பிடப் போயிருக்கார் சார்" என்பது காலை பதினொரு மணிக்கு எடுபடாது. "பேங்க் போயிருக்கார்" சொல்லுமுன் கிழமையைப் பாருங்கள். "பத்து நிமிஷத்துல வந்துடுவார்" மட்டும் வேண்டவே வேண்டாம். சில ஆய்வாளர்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கோட்டை எடுத்துக் கடைப்பையனுக்கு மாட்டிவிடவும் யோசிக்காதீர்கள். சர்டிபிகேட்டில் இருப்பது பெண் பெயர்.

ஆய்வாளர் மருந்து மாதிரி எடுத்தால் வழக்கம்போல "காசெல்லாம் வேண்டாம் சார்" என்று குழையாதீர்கள். விலை கொடுத்து எடுக்கச் சொல்வது சட்டம். வாங்க மறுத்தால் அதற்கும் ஒரு ரசீது எழுதிக் கொடுப்பார். மாதிரியை நாலாகப் பிரித்து சீல் வைத்து ஒரு பங்கை உங்களிடமே தருவார். அடுத்து வருபவருக்கு அதை விற்றுவிடக் கூடாது.

வாடிக்கையாளர்களைப் பழக்குவதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. டி.ஐ. பேனாவைத் திறக்கும் அந்த நேரம் பார்த்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மளிகைக்கடைப் பெரியவர் வந்து நிற்பார். "தம்பி, அந்தத் தூக்க மாத்திரை இன்னொரு பத்து குடு." பையன் கண்ணைக் காட்டுவான், இருமுவான், கடைசியில் வாழ்நாளில் முதல் தடவையாக "சீட்டு இருக்காங்கய்யா?" என்று கேட்பான்.

"சீட்டா? என்னைக்குப்பா நீ சீட்டு கேட்டே?"