கேமல்பேக் மலையேற்ற ஆயத்தம்: நேரம், நீர், சீப்பு ஆகியவற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருளும் களமும்

ஆயத்தம் என்பது, செய்யப்போகும் செயலின் கடுமைக்கேற்ப உடலையும் பொருளையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொள்ளும் நிலை என்று பொதுவாக வரையறுக்கப்படுகிறது. எனினும் நடைமுறையில் அது செயலின் கடுமையைப் பொறுத்து அமைவதில்லை என்பதும், செயல் நிகழும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பொறுத்தே கூடுகிறது அல்லது குறைகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். இமயத்துக்குச் செல்பவர் ஓராண்டுக்கு முன்பே பட்டியல் எழுதத் தொடங்குகிறார். ஊருக்குள் இருக்கும் மலைக்குச் செல்பவரோ வீட்டுச்சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

இக்கருதுகோளைச் சோதிக்கத் தக்க களம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குள்ளேயே விடுதிகளும் மாளிகைகளும் சூழ நிற்கும் கேமல்பேக் மலையாகும். படுத்திருக்கும் ஒட்டகத்தின் தலையையும் திமிலையும் ஒத்த தோற்றத்தால் இப்பெயர் பெற்ற இம்மலையின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர் உயரத்தில் உள்ளது. எக்கோ கேன்யன் எனப்படும் பாதை ஒரு வழிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமே உடையது. ஆனால் அந்த நீளத்துக்குள் அது ஏறத்தாழ 400 மீட்டர் மேலேறிவிடுகிறது. மாடி ஒன்றுக்கு மூன்று மீட்டர் எனக் கொண்டால், ஒன்றோடொன்று ஒவ்வாத படிகளைக் கொண்டதும், சில இடங்களில் கம்பியைப் பற்றியும் சில இடங்களில் பாறையைக் கட்டிப்பிடித்தும் கடக்க வேண்டியதுமான 130 மாடிக் கட்டடத்துக்கு இது சமம். ஆயினும் புறப்படுபவரின் மனத்தில் ‘2 கிலோமீட்டர்’ என்னும் எண் மட்டுமே பதிகிறது; 400 என்னும் எண் பாதி வழியில்தான் தெரியவருகிறது.

இத்தாமதத்துக்கு மலையின் அமைப்பிலேயே முன்மாதிரி உண்டு. திமிலாக நிற்கும் கருங்கல்லின் வயது சுமார் 150 கோடி ஆண்டுகள் என்றும், தலையாக நிற்கும் செந்நிறப் படிவுப்பாறையின் வயது சுமார் 2.5 கோடி ஆண்டுகளே என்றும் நிலவியலார் கணிக்கின்றனர். உடல் வந்து நெடுங்காலம் கழித்தே தலை வந்து சேர்ந்தது என்னும் இவ்வரிசை, இம்மலையில் ஏறுவோர் பலரிடத்தும் அப்படியே காணப்படுகிறது.

2. காலவியல்

இம்மலை மலையாதலின் குறிஞ்சியா, சோனோரன் பாலைவனத்தில் நிற்றலின் பாலையா என்னும் ஐயம் முதலில் தீர்க்கப்பட வேண்டும். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலமே பாலை என்று சிலப்பதிகாரம் கொள்வதால், இரண்டும் ஒருங்கே ஆகும் என்று அமையலாம். அங்ஙனமாயின் இதற்குரிய சிறுபொழுது, அதாவது நாளின் உட்பிரிவு, யாது எனின், தொல்காப்பிய மரபின்படி குறிஞ்சிக்கு யாமமும் பாலைக்கு நண்பகலும் உரியன. இவ்விரண்டையும் நகர நிர்வாகம் விலக்கிவிட்டது என்பது இங்கே கருதத்தக்கது. பாதை கதிரெழும் நேரம் முதல் கதிர் சாயும் நேரம் வரை மட்டுமே திறந்திருப்பதால் யாமம் நீங்கியது. கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாள்களில் நண்பகலை உள்ளடக்கிய பல மணி நேரம் பாதையை மூடும் வழக்கம் 2021இல் தொடங்கியதால், வேனிலின் நண்பகலும் நீங்கியது.

இவ்விலக்கு மிகையன்று என்பதற்கு, 1990 ஜூன் 26 அன்று அந்நகரில் பதிவான 50 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 2023இல் தொடர்ந்து 31 நாள்கள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டிய நிகழ்வும் சான்றாகும். தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரியாக இருப்பதால், காற்று அதைவிடச் சூடாகும்போது வியர்வை ஆவியாகாவிடில் வீசும் தென்றலும் உடலின் வெம்மையைக் கூட்டவே செய்கிறது. உடல் நம்பியிருக்கத்தக்க துணை அப்போது வியர்வை ஒன்றே.

ஆகவே கோடையில் புறப்பட வைகறையும் ஏற விடியலுமே தக்கனவாக எஞ்சுகின்றன. இவை மருதத்துக்கு உரியவை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் ஆதலின், நான்கு மணிக்கு எழுப்பப்பட்ட வாழ்க்கைத்துணை கார் நிறுத்த இடம் தேடும் நேரம் முழுவதும், முதல் பாறை வரும் வரையிலும், ஒரு சொல்லும் பேசாதிருத்தல் இலக்கண வழுவாகாது. ஊடலைத் தவிர்க்க விரும்புவோர் குளிர்காலத்தில் ஏறலாம். அப்போது நகரத்தார் அனைவரும் அவ்வாறே எண்ணுவதால், கார் நிறுத்த இடம் கிடைக்காமையால் வேறொரு ஊடல் தோன்றும்.

3. நீரியல்

நீரைக் கொண்டுசெல்லும் முறை பற்றி இரு சாரார் உளர். முதற்சாராராகிய பாட்டில் கொள்கையர், கையில் ஒரு பாட்டில் போதும் என்பர். பாறையைப் பற்ற இரு கைகளும் தேவைப்படும் இடம் வந்தவுடன் இக்கொள்கை தானே வீழ்கிறது. இரண்டாம் சாராராகிய பைக் கொள்கையர், முதுகில் நீர்ப்பையையும் தோள்மேல் உறிஞ்சு குழாயையும் அணிவர். 1988இல் டெக்சாஸ் மாநிலத்தின் வெயில் மிகுந்த சைக்கிள் போட்டி ஒன்றில், மைக்கேல் ஐட்சன் என்பவர் மருத்துவமனைச் சலைன் பையில் நீர் நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் இட்டு முதுகில் சுமந்து சென்றதிலிருந்து இக்கொள்கை பரவியது. ஒட்டகம் போல முதுகில் நீர் சுமக்கலாம் என்னும் இக்கொள்கையை, ஒட்டகத்தின் திமிலில் உள்ளது நீரன்று, கொழுப்பே என்னும் உண்மை சிறிதும் பாதிக்கவில்லை.

எவ்வளவு நீர் வேண்டும் எனின், கடும் வெயிலில் ஏறுபவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும் என்பதே கணக்கின் அடிப்படை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது என்பதால், அது வீண்செலவன்று. ஆனால் பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை தோன்றியவுடனே மறைந்துவிடுவதால், சட்டை உலர்ந்தே இருக்க, ஏறுபவர் தமக்கு வியர்க்கவே இல்லை என்று முடிவுகட்டுகிறார். சட்டையில் படிந்த வெள்ளை உப்புக்கோடு மட்டுமே அம்முடிவை மறுக்கிறது.

அற்றேல் வரம்பின்றிக் குடிக்கலாமோ எனின், அதுவும் பொருந்தாது. உப்பின்றி நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்க் குமட்டலும் தலைவலியும் குழப்பமும் தோன்றும் என்பதால், உப்பிட்ட கடலையும் நீரியலின் ஒரு கிளையாகக் கொள்ளப்படும்.

நீரின் பாதி தீர்ந்ததும் எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது இத்துறையின் தலையாய விதி. இவ்விதியை வழுவாது பின்பற்றினால், காரிலிருந்து இறங்குவதற்குள் பாதியைக் குடித்தவர் மலையைத் தொடாமலேயே வீடு திரும்ப வேண்டும் என்பது பெறப்படும். விதியில் பிழை இல்லை. பாட்டிலின் அளவில்தான் பிழை.

4. அடியியல்

சிதைந்த கருங்கல் பருமணலாகிப் பாறைமேல் பரவிக் கிடப்பதால், இறங்குதல் என்பது சரிவில் கொட்டிய கேழ்வரகின்மேல் நடப்பதை ஒக்கும். எனவே தேய்ந்த அடிப்பாகமுள்ள காலணி விலக்கப்படும். கால்விரல் நகம் வெட்டுதல் விதிக்கப்படும், ஏனெனில் இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் விரல் காலணியின் முன்சுவரை மோதும். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், வலி மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. இதற்குச் சில வாரங்கள் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுவதே மருந்து. எனினும் மின்தூக்கி பழுதாகும் நாள்களில் மட்டுமே இப்பயிற்சி பரவலாக மேற்கொள்ளப்படுகிறது.

5. சீப்பியல்

ஆயத்தப் பட்டியலில் மிகவும் இகழப்படும் பொருள் சீப்பு. அப்பகுதியில் வளரும் சோய்யா என்னும் கள்ளியின் கணுக்கள், மெல்ல உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. முட்களில் பின்னோக்கி அமைந்த நுண்கொக்கிகள் இருப்பதால், அவை நுழைவது எளிது, வெளிவருவது அரிது. காலில் ஒட்டியதைக் கையால் எடுக்க முயல்பவருக்கு அது கைக்கு மாறும். மறு கையால் முயன்றால் மறு கைக்கு மாறும். சீப்பைத் தோலுக்கும் கணுவுக்கும் இடையே செருகிச் சுண்டி எறிதலே அறிந்தோர் முறை. இவ்வாறு சீப்புக்கும் தலைமயிருக்கும் இருந்த நெடுங்காலத் தொடர்பு இங்கு அறுபடுவதால், வழுக்கைத் தலையருக்கு இவ்விதியிலிருந்து விலக்கில்லை.

கண் காணாத பாறை இடுக்கில் கை வைக்கலாகாது என்னும் விதி கிலுகிலுப்பைப் பாம்பை நோக்கியது. கறுப்பு உடையும் நறுமணத் தைலமும் வேண்டா என்னும் விதி, 1993 முதல் அரிசோனாவில் வாழ்ந்துவரும் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீக்களை நோக்கியது. உச்சியில் படம் எடுப்பதற்கென்றே கறுப்புச் சட்டை வாங்கியோர் இவ்விதியைப் பாடபேதம் எனக் கருதுகின்றனர்.

6. முடிபும் மேலாய்வும்

மேற்கண்டவற்றால், நேரமும் நீரும் காலணியும் சீப்பும் ஒருவர் கைக்கு எட்டாதவை அல்ல என்பதும், மலை அருகில் இருக்கிறது என்னும் ஒரே காரணத்தால் அவை வீட்டிலேயே விடப்படுகின்றன என்பதும் நிறுவப்பட்டன. ஃபீனிக்ஸ் தீயணைப்புத் துறையின் மீட்புக் குழுவினர் ஹெலிகாப்டருடன் இம்மலைக்கு மீண்டும் மீண்டும் வர நேர்வதும் இம்முடிபுக்கு அரண்செய்கிறது.

தீராது நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. உச்சியிலிருந்து இறங்கி வருபவர், மூச்சிரைக்க ஏறி வருபவரைக் கண்டவுடன், எந்த இடத்தில் கண்டாலும், “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று கூறுவது வழக்கம். இவ்வளவை அடிவாரத்திலும் நடுவழியிலும் உச்சிக்கு நூறு அடி கீழேயும் மாறாதிருப்பதால், இதை நீட்டலளவையுள் அடக்குவதா, வாழ்த்தினுள் அடக்குவதா என்பது மேலும் ஆராயத்தக்கது. அதுகாறும், அதைச் சொல்பவரிடம் தூரத்தைக் கேட்பதினும் மீதியுள்ள தண்ணீரைக் கேட்டுப் பெறுவதே ஏறுவோர்க்குப் பயன் தரும்.