முட்டையை மறந்த சமையல் மகாராணி

புத்தகத்தைப் பார்த்துச் செய்த பலகாரம் கல்லாகிவிட்டால் யாரைத் திட்டுகிறோம்? முதலில் அடுப்பை. அப்புறம் மாவை. அப்புறம் அந்த மாவை வாங்கிவந்த வீட்டுக்காரரை. புத்தகம் எழுதின புண்ணியவதி மேல் மட்டும் சந்தேகமே வருவதில்லை. அச்சிலேயே வந்துவிட்டது, தப்பாகவா இருக்கும்?

பேஷாக இருக்கும். சாட்சிக்கு இங்கிலாந்திலிருந்து மிஸஸ் பீட்டனை அழைக்கிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்து வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்த சமையல் புத்தகம் இவருடையது. 1861-இல் வெளிவந்தது. ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேல். திருடன் வந்தால் எடுத்து எறியலாம். முதல் வருஷமே 60,000 பிரதிகள் போயின. பெயரைக் கேட்டதுமே உங்கள் கண்முன் ஒரு பாட்டியம்மா வந்திருப்பார்: கனத்த சரீரம், இடுப்பில் சாவிக்கொத்து, ஐம்பது வருஷம் அடுப்பனலில் வெந்த முகம். கொஞ்சம் பொறுங்கள். அம்மணி சமையல் பற்றி எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வயசு 21.

சரி, சின்ன வயசிலேயே கரண்டி பிடித்த கையாக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. இசபெல்லா என்ற இந்த அம்மணி வளர்ந்தது எப்ஸம் குதிரைப் பந்தய மைதானத்தில். அம்மாவின் இரண்டாவது கணவர் அங்கே பெரிய அதிகாரி. அவர் பிள்ளைகள், இவர் பிள்ளைகள், இருவருக்குமாகப் பிறந்த பிள்ளைகள் என்று மொத்தம் 21 உருப்படிகள். வீடு தாங்குமா? பந்தயம் இல்லாத நாட்களில் ஒரு பட்டாளத்தைக் கொண்டுபோய் கிராண்ட் ஸ்டாண்டிலேயே குடிவைத்துவிட்டார்கள். மூத்த பெண் இசபெல்லாவுக்கு அவர்களை மேய்க்கிற உத்தியோகம். ஆக, நிர்வாகத்தில் கரைகண்டாயிற்று. சமையல்தான் பாக்கி.

1856-இல் சாமுவேல் பீட்டன் என்ற பத்திரிகை முதலாளியைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார் அவர். பத்திரிகை முதலாளிகளின் கண்ணே வேறு. மனைவியைப் பார்த்தால் மனைவி தெரியாது, சம்பளம் கேட்காத உதவி ஆசிரியர்தான் தெரிவார். சமையல் பக்கம் இசபெல்லாவின் தலையில் வந்து விழுந்தது.

முதல் குறிப்பு, ஸ்பாஞ்ச் கேக். ஜெர்மனியில் படித்தபோது கேக் வகையறாக்களை அம்மணி முறையாகக் கற்றிருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகும் தனியாகப் பாடம் எடுத்துக்கொண்டவர். அதாவது அவருக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே ஐட்டம் இதுதான். தைரியமாக எழுதினார், அச்சாயிற்று, வாசகிகள் அடுப்பை மூட்டினார்கள். குறிப்பில் முட்டையைக் காணோம்!

ஆமாம், ஸ்பாஞ்ச் கேக்கில்தான். கேக் உப்புவதே முட்டையை அடித்து ஏற்றும் காற்றால்தான். பிறகு திருத்தம் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் திருத்தம் வருகிற வரைக்கும் எத்தனை வீடுகளில் எத்தனை அப்பாவிப் பெண்கள் மாமியார் முன்னால் அந்தப் பலகையைக் கத்தியால் அறுத்துக்கொண்டு நின்றார்களோ! எல்லோரும் தங்கள் கைராசியைத்தான் நொந்திருப்பார்கள்.

இந்த நேரத்தில் குடும்ப சிநேகிதி ஒருவர் இசபெல்லாவுக்குக் கடிதம் எழுதினார். சமையல் என்பது வருஷக்கணக்கில் பழகி வருகிற வித்தை, அது உன்னிடம் இல்லை, பேசாமல் நாலு நல்ல புத்தகங்களைப் பார்த்துத் தொகுத்துவிடு என்பது சாரம். அறிவுரையா, ஊசி குத்தலா? வேறு யாராவது என்றால் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதிருப்பார்கள். நம் அம்மணி அதை பிஸினஸ் பிளானாகவே எடுத்துக்கொண்டார்.

அப்படித் தொகுத்ததில் அதிகம் மாட்டியவர் எலிஸா ஆக்டன். நிஜமாகவே அடுப்படியில் நின்று, செய்து பார்த்து, நேரம் குறித்து 1845-இல் புத்தகம் போட்டவர். அதற்கு முன் கவிதை எழுதிக்கொண்டிருந்தார் என்பதால் வறுமையும் தெரியும், நக்கலும் வரும். தன் புத்தகத்தில் 'பதிப்பாளர் புட்டிங்' என்று கண்டதையும் கொட்டிச் செய்கிற ஒரு பணக்காரப் பண்டமும், 'ஏழை எழுத்தாளர் புட்டிங்' என்று ஓர் எளிய பண்டமும் வைத்தார். பீட்டன் அவரிடமிருந்து அள்ளிய குறிப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. பீட்டனின் புத்தகம் மாதப் பகுதிகளாக வர ஆரம்பித்த 1859-இலேயே ஆக்டன் இறந்துபோனார். கேட்க ஆளில்லை.

இருந்தாலும் பீட்டனிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒவ்வொரு குறிப்பிலும் சாமான் பட்டியல் முதலில், பிறகு செய்முறை, எவ்வளவு நேரம், என்ன செலவு, எத்தனை பேருக்குப் போதும், எந்த மாதத்தில் கிடைக்கும். இருபத்தொரு பிள்ளைகளுக்கு நடுவில் வளர்ந்தவருக்கு வரிசையில் நிற்கவைக்கத் தெரியாதா? கேரட்டையும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

நிறுத்திய கேரட்டை என்ன செய்தார் என்று கேளுங்கள். பெரிய கேரட் என்றால் இரண்டே கால் மணி நேரம் வரை வேகவைக்கச் சொன்னார். மக்ரோனிக்கு ஒன்றே முக்கால் மணி. அதற்குள் மக்ரோனி கரைந்து கஞ்சியாகி ஆவியாகியே போயிருக்கும்.

இந்தியச் சமையலையும் அம்மணி விட்டுவைக்கவில்லை. 'வங்காள முறை மாங்காய்ச் சட்னி' என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வெகுகாலம் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டிக்கு அங்கத்து ஆளே சொல்லிக்கொடுத்ததாம். முக்கால் ராத்தல் உப்பு, முக்கால் ராத்தல் இஞ்சிப்பொடி, முக்கால் ராத்தல் கடுகு, பூண்டு, காய்ந்த மிளகாய், இரண்டு பாட்டில் வினிகர். சரி, மாங்காய் எத்தனை? ஒன்றுகூட இல்லை. 30 புளிப்பு ஆப்பிள்! போதாததற்குக் கடுகை வினிகரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். எந்த வெயிலில் அம்மா, லண்டன் வெயிலிலா?

மாம்பழத்தைப் பற்றி அவர் அபிப்பிராயமும் இருக்கிறது. டர்பன்டைன் வாடையை வெறுக்காதவர்களுக்குத்தான் அது பிடிக்குமாம். சேலத்துக்காரர்கள் யாரும் கோபப்பட வேண்டாம். பாவம், அவருக்குக் கிடைத்தது ஆப்பிள்.

நம் மிளகுத்தண்ணியும் அவர் கையில் சிக்கியது. மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் மூலம் சீமைக்குப் போய் முல்லிகட்டானி ஆகிவிட்ட ரசம்தான். பீட்டன் வீட்டு ரசத்தில் ஒரு கோழி அல்லது முயல், நாலு துண்டு பேக்கன், ஆறு வெங்காயம், அரைத்த பாதாம், இரண்டு கரண்டி கறிப்பொடி. அந்தக் கறிப்பொடிக்கும் தனியாக ஒரு செய்முறை கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கீழேயே, கடையில் விற்பது இதைவிட ரொம்ப நன்றாக இருக்கும், அதையே வாங்குங்கள் என்றும் எழுதினார். இவ்வளவு நேர்மையான சமையல் புத்தகம் நான் பார்த்ததில்லை.

அவர் தாமே செய்து பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிற ஐட்டமும் உண்டு. தர்மத்துக்கு ஊற்றும் சூப். 1858 குளிர்காலத்தில் வாராவாரம் எட்டு ஒன்பது காலன் காய்ச்சி, பக்கத்துக் கிராமத்தில் சுமார் ஒரு டஜன் ஏழைக் குடும்பங்களுக்கு ஊற்றினார். காய்ச்சியது துணி அவிக்கிற தாமிர அண்டாவில். அவர்களுக்கு சூப் ரொம்பப் பிடித்திருந்ததாக நம்ப இடமிருக்கிறது என்று அடக்கத்தோடு குறிப்பிட்டிருக்கிறார். இலவசமாகக் கிடைத்த சூப்பில் உப்பு குறைவு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

1865-இல், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் இசபெல்லா காலமானார். வயசு 28. அடுத்த வருஷமே கடன் கழுத்தை நெரிக்க, சாமுவேல் எல்லா உரிமைகளையும் வேறு கம்பெனிக்கு விற்றார். வாங்கியவர்கள் அம்மணி போய்விட்டதை விளம்பரம் செய்யவில்லை. புத்தகம் பதிப்புக்குப் பதிப்பு பருத்தது. இருபத்தெட்டைத் தாண்டாத பெண் வாசகிகள் மனசில் கிழவியானது இப்படித்தான்.

புத்தகத்துக்கு 150 வயசான 2011-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அதிலிருந்து ஒரு பண்டத்தை எடுத்து, இதுதான் நாட்டிலேயே மலிவான மதியச் சாப்பாடு, விலை ஏழரை பென்ஸ் என்று அறிவித்தது. இதைவிட மலிவாகச் சொல்பவருக்கு 200 பவுண்டு பரிசாம். விஞ்ஞானிகளே சிபாரிசு செய்கிறார்கள், நீங்களும் செய்து பாருங்கள். பெயர் டோஸ்ட் சாண்ட்விச். வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டு. நடுவே ஆறிப்போன, மெல்லிய டோஸ்ட் ஒன்று. ஆமாம், ரொட்டிக்கு நடுவில் ரொட்டி. மேலே உப்பும் மிளகும்.

நோயாளிகளுக்கான பத்தியச் சமையலில் இதைச் சேர்த்த அம்மணி, கூடவே ஒரு யோசனையும் தருகிறார்: டோஸ்டோடு கொஞ்சம் இறைச்சியும் வைத்தால் நோயாளிக்கு ஆசையாக இருக்கும். வைத்தால் அது வெறும் சாண்ட்விச், தாயே.