முன்யோசனைக்காரர்

மலைப்பக்கம் போய் நாலு நாள் தங்கிவிட்டு வரலாமா என்று நாம் யாரிடமாவது மெதுவாக ஒரு வார்த்தை சொல்லி வாய் மூடுவதற்குள், அந்தச் செய்தி எவ்வழியாகவோ முன்யோசனைக்காரரை எட்டிவிடுகிறது. மறுநாள் காலையில் அவர் நீள நோட்டும் இரண்டு பேனாக்களுமாக நம் வீட்டுத் திண்ணையில் பிரசன்னமாகிறார். அவரை நாம் அழைக்கவில்லை என்பதோ, பிரயாணம் இன்னும் நிச்சயமாகவில்லை என்பதோ அவருக்கு ஒரு பொருட்டல்ல. இராமநாதபுரத்தில் இத்தகையவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; மற்றவர்களுடைய கோப்புகளை வருஷக்கணக்கில் தாமதப்படுத்திய பாவத்துக்குப் பிராயச்சித்தமாகவோ என்னவோ, மிச்சமிருக்கும் ஆயுளில் எல்லாவற்றுக்கும் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவது என்ற விரதம் பூண்டவர்.

அவருடைய ஞானத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிடக்கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் நமக்கு வெறும் காற்று, கூடலூருக்கோ அடைமழை என்பதும், நமக்கு மழை தரும் ஐப்பசி, கார்த்திகையே கோத்தகிரிப் பக்கத்துச் சாலைகளில் மண் சரியும் காலம் என்பதும் அவருக்குத் தெரியும். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடியினர் உண்டென்பதும், மந்து எனப்படும் தோடர் குடியிருப்பில் உள்ள கோயிலை வெளியார் தூரத்தில் நின்றுதான் பார்க்கவேண்டும் என்பதும், ஒருமுறை உபயோகித்து எறியும் தண்ணீர்ப் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதும் நோட்டில் இருக்கின்றன. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பதும் அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். அப்படியிருந்தும், பஸ்ஸில் போகப் போகிற எங்களுக்காக, தம் மைத்துனருடைய காரின் எண்ணைக் கொடுத்து ஓர் இ-பாஸ் எடுத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

இந்த 'எதுக்கும் இருக்கட்டும்'தான் அவருடைய மூலமந்திரம். நோட்டின் இடப்பக்கத்தில் நீல மையினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்மையாக ஆகும் நேரம் எழுதப்பட்டிருக்கும். வலப்பக்கத்தில் சிவப்பு மையினால் 'கையிருப்பு' என்ற தலைப்பின்கீழ், எதுக்கும் இருக்கவேண்டிய நேரம் எழுதப்பட்டிருக்கும். இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நீலத்தில் மூன்று மணி. பரமக்குடியில் ஏதாவது ஊர்வலம் குறுக்கிட்டால் என்று சிவப்பில் ஒரு மணி. நம்முடைய பஸ் நிற்பது மாட்டுத்தாவணியில், கோயம்புத்தூர் பஸ் கிளம்புவது ஆரப்பாளையத்தில். இரண்டுக்கும் இடையே நகரத்தைக் கடக்க நீலத்தில் ஒரு மணி, சிவப்பில் இரண்டு. சித்திரைத் திருவிழா ஒன்றில் அவர் மதுரையில் அகப்பட்டுக்கொண்டு திண்டாடியிருக்கிறார். அன்றுமுதல் தை மாதத்திலும் மாசி மாதத்திலும்கூட அழகர் அவருடைய நோட்டில் ஆற்றில் இறங்கிக்கொண்டேயிருக்கிறார். பிறகு சிங்காநல்லூரில் இறங்கிக் காந்திபுரம் போவதற்கு ஒரு கையிருப்பு, காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் பிடிப்பதற்கு ஒரு கையிருப்பு, காரமடையில் ரயில்வே கேட் மூடியிருந்தால் என்று ஒரு கையிருப்பு. கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது சிவப்பு நீலத்தை மிஞ்சி நிற்கும். அதாவது, போவதற்கு ஆகும் காலத்தைவிடப் போகாமல் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும் காலம் அதிகம்.

இவற்றையெல்லாம்கூட ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். சிவப்புப் பத்தியின் முதல் வரியில், எந்தப் பிரயாணமானாலும் தவறாமல் இடம்பெறும் 'பாம்பன் காற்று - 1 மணி' என்ற பதிவைத்தான் எங்களால் ஜீரணிக்க முடியவில்லை. இராமநாதபுரம் தீவில் இல்லை, பெருநிலத்தில் இருக்கிறது. பாம்பன் பாலம் எங்களுக்குக் கிழக்கே, மண்டபத்துக்கும் அப்பால். கோயம்புத்தூரோ மேற்கே. ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டோம்.

"அண்ணே, நாம போறது மேக்கே. பாலம் கிழக்கே கெடக்கு. அதுக்கு எதுக்குண்ணே ஒரு மணி நேரம்?"

"ரயில்ல போனா, அந்த ரயில் எங்கிருந்து தம்பி வருது? ராமேஸ்வரத்துலருந்துதானே?"

"நாம பஸ்ஸுலல்ல போறோம்."

"ரயில் நின்னு போச்சுன்னா அந்தக் கூட்டம் எங்க வரும்? பஸ் ஸ்டாண்டுக்குத்தானே வரும்?"

இந்தத் தர்க்கத்துக்கு எதிராகச் சொல்ல இன்றுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் சிக்னல் தானாகவே சிவப்பாகி வண்டியை நிறுத்திவிடும். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே வண்டிகள் நின்றுபோய், 2025 ஏப்ரலில் பக்கத்திலே புதிய தூக்குப் பாலமும் திறந்தாகிவிட்டது. ஆயினும் நோட்டில் அந்த வரி மாறவில்லை. "பாலம் புதுசு, காத்து பழசுதானே" என்கிறார். இதற்கும் பதிலில்லை.

இந்த வியாதியின் மூலத்தை அவர் தாமாக ஒருபோதும் சொன்னதில்லை. அவருடைய மனைவியார்தான் ஒரு சமயம் சொன்னார்கள். அவருடைய தகப்பனார் தனுஷ்கோடியில் வேலையாயிருந்தவர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி, இரவு வண்டிக்குத் திரும்பிப் போயிருக்கவேண்டியவர், மண்டபத்தில் உறவினர் வீட்டில் சாப்பாட்டுக்குத் தாமதமாகிவிடவே வண்டியைத் தவறவிட்டார். அன்றிரவு கடல் ஊரையும் கொண்டுபோயிற்று, பாம்பனிலிருந்து போன அந்த வண்டியையும் கொண்டுபோயிற்று. தகப்பனார் பிழைத்தது தாமதத்தினால். அப்படியிருக்க, மகன் தாமதத்தை அல்லவா குலதெய்வமாகக் கும்பிட்டிருக்கவேண்டும்? ஆனால் அந்த வீட்டில் அன்று எல்லார் மனத்திலும் தங்கியது காற்றைப்பற்றிய பயம் ஒன்றுதான் போலும். இதைக் கேட்ட பிறகு கொஞ்ச காலம் அவரை நான் கேலி செய்யவில்லை. ஆரப்பாளையத்தில் விடியற்காலை இரண்டு மணிக்கு, முதல் டீக்கடையும் திறக்காத வேளையில், மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தபோது அந்த நல்லெண்ணம் காலாவதியாயிற்று.

மேட்டுப்பாளையத்து மலை ரயில் விஷயத்தில் அவர் நடத்திய கூத்து தனி. அது காலை 7.10-க்குப் புறப்படுவது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ்காரர்கள் இறங்கி மாறி ஏறுவதற்கு வசதியாக அந்த வேளை அமைந்திருக்கிறது. எங்களுக்கு முன்பதிவு இருந்தது, தங்கியிருந்த விடுதியும் ஸ்டேஷனுக்கு எதிரேதான். ஆயினும் விடியற்காலை மூன்றரை மணிக்கே பிளாட்பாரத்தில் எங்களை நிறுத்திவிட்டார். "சென்னை வண்டி முன்னாலேயே வந்துட்டா, இதையும் முன்னாலேயே எடுத்துட்டா?" என்பது அவருடைய சந்தேகம். இந்திய ரயில்வேயின் நெடிய சரித்திரத்தில் இப்படியொரு சந்தேகம் வேறு யாருக்கேனும் தோன்றியிருக்குமா என்பது ஆராய்ச்சிக்குரியது. வழியில் ஒரு பகுதியில் பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றத்தில், பதினாறு குகைகளைக் கடந்து, உதகைவரை 46 கிலோமீட்டரை ஏற அந்த வண்டிக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. வண்டி மலை ஏறிய நேரத்துக்கும் நாங்கள் பிளாட்பாரத்தில் கொட்டாவி விட்ட நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குகைகள் வந்தபோது எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம்.

அவருடைய மற்றக் குணங்களை நான் விஸ்தரிக்கப்போவதில்லை. போர்வைக்கு ஒரு பட்டியல், மாத்திரைக்கு ஒரு பட்டியல், குளிர் தேசத்தில் நாக்குச் செத்துவிடும் என்று வாளைக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று, அதன் வாசனை வெளியே வராமலிருக்க அதைச் சுற்றி நாலு உறை. இவை எல்லா வீட்டிலும் உள்ளவைதாம். போகிற இடத்துக் குழந்தைகளுக்கென்று சாயல்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் தவறாமல் எடுத்துக்கொள்வார், அதையும் சொல்லிவிடவேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் முடியவில்லை. மலைவாசிகளின் மத்தியில் தங்கவேண்டும், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடவேண்டும் என்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டி வாசலில் வில்லும் அம்பும் மாட்டி, பழங்குடிக் குடில் என்று பெயர் வைத்து, பட்டணத்து முதலாளி பணம் எண்ணுகிற இடங்களும் உண்டு. அதற்கு மாறாக, காரமடைக்கு மேற்கே பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டியுள்ள பரளிக்காட்டில், வனத்துறையாரின் மேற்பார்வையில் இருளர் மக்களே பரிசல் ஓட்டி, இருளர் பெண்களே சமைத்துப் போடுகிறார்கள். சனி, ஞாயிறுகளில்தான் உண்டு. முன்னதாகவே பதிவு செய்துகொள்ளவேண்டும். இராத் தங்க விரும்புவோருக்குப் பூச்சமரத்தூரில் விடுதி இருக்கிறது. முன்யோசனைக்காரர் எங்களை அங்கே அழைத்துப் போனது நல்ல காரியந்தான். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வெள்ளியங்காட்டை அடைந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. அதற்கப்பால் யானை நடமாடும் பாதை. வெளிச்சம் வராமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். அவரோடு இவர் அரைமணி நேரம் வாதாடினார். எந்த ஆபத்துக்குப் பயந்து கையிருப்பு வைக்கிறாரோ அந்த ஆபத்தின் வாயிலேயே கையிருப்பு எங்களைக் கொண்டுபோய் நிறுத்திற்று.

ஏழு மணிக்குப் போய் இறங்கினோம். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. விறகு சுமந்துகொண்டு அப்போதுதான் வந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, "பத்து மணின்னுதானேங்க சொன்னாங்க?" என்றார். "எதுக்கும் இருக்கட்டும்னு வந்துட்டோம்மா" என்று இவர் பெருமையோடு பதில் சொன்னார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தங்களுக்கென்று வைத்திருந்த தூளில் எங்களுக்குத் தேநீர் போட்டார்கள், பாய் விரித்தார்கள், தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்கள் முகம் கோணாதபடி பார்த்துக்கொண்டார்கள். இராமேஸ்வரம் போகும் யாத்ரிகர் கூட்டம் ஒன்று நம் வீட்டு வாசலில் கோலம் போடும் முன்பே வந்து உட்கார்ந்துகொண்டு நாம் பல் துலக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் என்ன சொல்வோம் என்பது நமக்கே தெரியும். காசு கொடுத்துத்தானே போகிறோம் என்று சொல்லலாம். காசு பத்து மணியிலிருந்துதான் கொடுத்தோம்; அந்த மூன்று மணி நேரம் அவர்களுடையது. அதை ஒருவர் தம் பயத்துக்கு மருந்தாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இதை அவரிடமே சொன்னேன். சிவப்புப் பேனாவை எடுத்து, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பின்னால் எடுத்துப் பார்த்தேன்: 'அடுத்த தடவை தேயிலைத் தூள், சர்க்கரை நாமே கொண்டுபோக வேண்டியது.'

அந்தக் கருப்பட்டிச் சிப்பத்தை அங்கேயே பிரித்துக் கொடுத்தார் என்பதும், இரண்டாவது தேநீர் அதில் போட்டதால் மிகவும் நன்றாயிருந்தது என்பதும் உண்மையே. தம்மை முழுக்கக் கோபித்துக்கொள்ள அவர் விடமாட்டார்.

இப்போது கொல்லிமலைத் திட்டம் தயாராகிவருகிறது. காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஐந்து நிமிஷம் கையிருப்பு என்று அவர் கணக்கிட்டு, மலை ஏறுவதற்கு மட்டும் ஐந்து மணி ஐம்பது நிமிஷம் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பாம்பன் காற்றுக்கு ஒரு மணி தனி.

ஆகையால் மலைகளில் விருந்தினரை ஏற்று உபசரிக்கிறவர்களுக்கு இராமநாதபுரத்தார் சார்பில் ஒரு விண்ணப்பம். எங்கள் ஊரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு வரலாம் என்று ஒன்றுக்கு மூன்று முறை கேட்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றும் சொன்னாரானால், தயவு செய்து பத்து மணி என்று சொல்லிவிடாதீர்கள். பிற்பகல் ஒரு மணி என்று சொல்லுங்கள். பத்துக்குச் சரியாக வந்து சேர்ந்துவிடுவோம்.