காணாமற்போன நான்கு மில்லிலீற்றர்: கொஸ்லந்தத் தோட்டங்களில் எதனோல் மறைவு பற்றிய பூர்வாங்க ஆய்வு

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் போத்தல் குறைந்தால் முதல் சந்தேகம் அங்கே கூட்டிப் பெருக்குபவர்மேல் விழும். தடயவியல் கொஸ்லந்தப் பக்கம் இதற்குமேல் வளரவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்கண் ஆய்வுப் பொருள். எதனோல்: காபன் இரண்டு, ஐதரசன் ஆறு, ஒட்சிசன் ஒன்று. சூத்திரம் தெரியாதவர்களுக்கும் செய்முறை தெரிந்திருக்கும் இரசாயனங்கள் உலகில் சிலவே. கித்துள் பாளையில் வடியும் இனிப்பு நீரில் மதுவம் புகுந்து, சீனியைத் தின்று, எதனோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். 15 வீதத்தை நெருங்கும்போது, தான் ஆக்கியதிலேயே பெரும்பாலும் மடியும். (எங்கே நிறுத்துவதென்று அதற்கும் தெரியாது.)

அதற்குமேல் வேண்டுமானால் வடிக்க வேண்டும். எதனோல் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100இல். இந்த 22 பாகை இடைவெளியில்தான் மானாப்புல் காட்டுக்குள் நடக்கும் கசிப்புக் கைத்தொழிலும், வெல்லவாயைக்கு அப்பால் பெல்வத்தையில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து நடக்கும் அரசாங்கக் கைத்தொழிலும் பிழைக்கின்றன. எத்தனை முறை வடித்தாலும் நிறைப்படி 95.6 வீதத்தோடு எதனோல் நின்றுவிடும். மீதித் தண்ணீரை அது பிரியாது. தண்ணியை விட முடியாமை குடிப்பவருக்கே உரிய குணமல்ல என்பது இவ்வாய்வின் உபமுடிவு.

இனி மறைவுக்கு வருவோம். சுத்தமான எதனோல் 50 மில்லிலீற்றரோடு தண்ணீர் 50 மில்லிலீற்றரைக் கலந்தால் 100 வராது. ஏறத்தாழ 96தான் வரும். தண்ணீர் தியலும நீர்வீழ்ச்சியில் பிடித்ததா, லயத்துப் பீலியில் பிடித்ததா என்பது பொருட்டல்ல. மீதி எங்கே? கூட்டுபவர் குடித்தார் என்பது ஆபிஸ் மரபு. நிர்வாகம் சுருட்டியது என்பது சங்கத் தலைவர் மரபு. முனி என்பது பாட்டிமார் மரபு. மூன்றிலும் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தாதது இதுவொன்றே.

உண்மையில் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று இழுத்து நெருக்கி அமர்கின்றன. பெரிய இலைத் தூளுக்குள் டஸ்ட் தூளைக் கொட்டிக் குலுக்கினால் பெட்டி நிரம்பாததுபோல என்று சொல்லலாம். டஸ்ட்டுக்கு இழுவிசை கிடையாது, அவ்வளவே. கனவளவு குறையுமே தவிர நிறை ஒரு கிராமும் குறையாது. கொழுந்தைத் தராசில் போட்டு, ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிக்கும் தோட்டம், ஸ்பிரிட்டை மட்டும் கண்ணால் அளப்பதை வரலாறு மன்னிக்காது.

சரி, தண்ணீர் ஏன் கலக்க வேண்டும்? கிருமியைக் கொல்லத் தனி எதனோலைவிட 70 வீதக் கரைசலே மேல். புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் தேவை. ஆகவே தண்ணீர் கலந்தவர் கடமையைச் செய்தவர். 2020 ஜனவரியில் நாடு எதனோல் இறக்குமதியைத் தடைசெய்தது. மார்ச்சில் கொரோனா வந்து எல்லாக் கைகளும் அதையே கேட்டன. கொழுந்துக்குப் போய்வந்த மனைவியின் கையை முகர்ந்து கணவன் விசாரணை நடத்திய அபூர்வ ஆண்டு அது.

பரிந்துரை: போத்தலை நிறுக்கவும். நிறையும் குறைந்திருந்தால் மூடியைப் பார்க்கவும். எதனோல் காற்றில் பறக்க யாரிடமும் லீவு கேட்பதில்லை. மூடியும் இறுக்கமாக இருந்தால், கூட்டுபவரை விட்டுவிட்டு, அலமாரிச் சாவி யாருடைய இடுப்பில் தொங்குகிறதென்று பார்க்கவும்.